பாஸான வேன்

வேன் பெயிலாகிவிட வேண்டும் என்று லோஜன் வழியெல்லாம் வேண்டிக்கொண்டே ஓட்டி வந்தான். பக்கத்துச் சீட்டில் இருந்த பழனியாண்டியும் வேண்டிக்கொண்டுதான் வந்தார், பாஸாக வேண்டும் என்று. ஒரே வேனுக்குள்ளிருந்து ஒரே பிள்ளையாருக்கு இரண்டு மனு போனது.

வேன் பழனியாண்டியுடையது. ஊசிப்பாறைத் தோட்டத்தில் வெகுகாலம் சங்கத் தலைவராக இருந்தவர். பதவி போய்விட்டாலும் லயத்துப் பிள்ளைகள் முதல் துரை வரைக்கும் அவரைத் 'தலைவர்' என்றுதான் கூப்பிடுவார்கள். லோஜன் அவருடைய டிரைவர். தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கில் இருக்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கீழே லிந்துலை ரோட்டுக்கு இறங்கி, அங்கிருந்து தலவாக்கலைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் வேலை. அந்தப் பிள்ளைகளில் அவனுடைய மகள் பூரணியும் ஒருத்தி. ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள்.

பள்ளிக்கூட வேன் என்றால் வருஷத்துக்கு ஒரு தரம் புகை டெஸ்ட் எடுக்க வேண்டும், தகுதி டெஸ்ட்டும் எடுக்க வேண்டும். புகை டெஸ்ட் போன கிழமையே முடிந்துவிட்டது. இன்றைக்குத் தகுதி டெஸ்ட். அதற்காகத்தான் இருவரும் ஹட்டனுக்கு வந்திருந்தார்கள்.

வேன் கிழடுதான். ஜப்பானிலிருந்து இறங்கி, கீழ்நாட்டுச் சமதரையில் இரண்டு பேரிடம் ஓடிவிட்டு மூன்றாவதாக மலைக்கு வந்தது. கதவோரம் துரு இருக்கிறது. ஒரு கண்ணாடி ஏறாது. ஆனால் எவ்வளவு பனி கொட்டினாலும் காலையில் ஒரே சாவியில் இஞ்ஜின் பிடித்துவிடும். நடுவழியில் ஒரு நாளும் நின்றதில்லை. தோட்டத்தில் இதைவிடப் புதிய வேன்கள் வைத்திருப்பவர்கள்கூட, "தலைவரு வேனு மாதிரி வருமா?" என்பார்கள். ஓடுவதற்கு நம்பலாம். நிற்பதற்கு நம்பலாமா என்பதுதான் லோஜனின் கவலை.

மேல்கணக்கிலிருந்து லிந்துலை ரோடு வரைக்கும் ஒரே இறக்கம். கொண்டை ஊசி போல வளைவுக்கு மேல் வளைவு. பாதி வழியில் ஒரு பிள்ளையார் கோயில். கோயில் வரைக்கும் பிரேக் கல் மாதிரி பிடிக்கும். அதைத் தாண்டியதும் மிதி கொஞ்சம் கீழே போகும். அடுத்த வளைவில் இன்னும் கொஞ்சம். கடைசி வளைவில், ஏலக்காய்ச் செடிகளுக்குப் பக்கத்தில், ஈரப் பஞ்சை மிதிப்பது போல இருக்கும். வேன் நிறையப் பிள்ளைகள் இருந்தால் மட்டுந்தான் அப்படி. வெறும் வேனாக இறங்கினால் ஒன்றுமே தெரியாது.

பிரேக் வண்டியை நிறுத்துகிறது என்று நாம் சொன்னாலும், அது உண்மையில் செய்வது ஓட்டத்தைச் சூடாக மாற்றுவதைத்தான். குளிருக்கு இரண்டு கைகளையும் தேய்த்துக்கொள்கிறோமே, அதே வேலைதான். சமதரையில் ஒரு தரம் அமுக்கினால் கொஞ்சம் சூடு, அது காற்றில் போய்விடும். நீண்ட இறக்கத்தில் ஆறுவதற்கு நேரமில்லை. சூட்டின் மேல் சூடு ஏறும். அளவு மீறினால் பிரேக் கட்டைகளுக்குப் பிடிமானம் குறையும். அதற்கும் மேலே போனால் குழாயில் இருக்கும் பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விடும். எண்ணெயை அமுக்க முடியாது, அதனால்தான் காலின் பலம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. குமிழியை அமுக்கலாம். கால் போய்க்கொண்டே இருக்கும், சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது.

இவ்வளவும் லோஜனுக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான். ஏன் இந்த வேனுக்கு மட்டும் இவ்வளவு சீக்கிரம் சூடாகிறது? எண்ணெயை மாற்றிவிட்டான். நாலு சக்கரத்துக்கும் கட்டை புதிதாகப் போட்டாயிற்று. பிரேக் குழாயிலிருந்த காற்றெல்லாம் எடுத்தாயிற்று. தலவாக்கலையில் வேலை பார்த்துக் கொடுத்த மெக்கானிக் பாஸ், ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பொம்ம மாதிரி நிக்குது" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். அவர் ஓட்டிப் பார்த்த ரோடு சமதரை.

அதனால்தான் அவன் டெஸ்ட்டை நம்பியிருந்தான். மெஷின் ஒன்று சொன்னால் தலைவர் கேட்பார். ஒரு பல்பைக் கழற்றி வைத்துப் பெயிலாக்கிவிடலாமா என்றுகூட இரவு யோசித்தான். பல்புக்காகப் பெயிலானால் பல்பைப் போட்டுப் பாஸாக்குவார்கள். அதில் என்ன பிரயோசனம்?

கராஜில் பரிசோதகர் ஒரு சிங்கள இளைஞர். நீல உடுப்பு, காதில் பென்சில். நிதானமான ஆள். வேனைச் சுற்றி வந்து டயர், ஸ்டியரிங், விளக்கு எல்லாம் பார்த்தார். பின்பக்கம் வந்ததும் கொஞ்சம் நின்றார்.

"பின்னால் உயரமாக இருக்கிறதே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஸ்பிரிங் பட்டை ஒன்று கூடப் போட்டிருக்கிறோம் மஹத்தயா," என்று லோஜனும் சிங்களத்திலேயே சொன்னான். "ஆள் ஏறினால் தணிந்து, ரோட்டைக் கடக்கும் தண்ணீர்க் கானில் இடிக்கிறது."

பரிசோதகர் தலையாட்டினார். மலைநாட்டில் பட்டை போடாத வேனை அவர் பார்த்திருக்கமாட்டார்.

பிறகு பிரேக் மெஷின். தரையில் பதித்த இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே முன் சக்கரங்களை இறக்க வேண்டும். மோட்டார் உருளைகளைச் சுழற்றும். உருளைகள் சக்கரத்தைச் சுழற்றும். பிரேக்கை அமுக்கும்போது சக்கரம் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று மெஷின் அளக்கும். முன்னுக்கு ஒரு தரம், பின்னுக்கு ஒரு தரம். கடைசியில் மெஷின் இரண்டு கேள்விதான் கேட்கும். நாலு சக்கரத்தின் பிடியையும் கூட்டினால் வண்டியின் நிறைக்குப் போதுமா? இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கிறதா?

முன் சக்கரங்கள் பலமாகப் பிடித்தன. பின் சக்கரங்களின் பிடி குறைவுதான், ஆனால் இரண்டும் ஒரே அளவு குறைவு. வெறும் வேன் என்பதால் நிறையும் குறைவு, முன்பக்கத்துப் பிடியே கணக்கைச் சரிக்கட்டிவிட்டது.

"ஹரி," என்றார் பரிசோதகர். பச்சை விளக்கு எரிந்தது.

லோஜன் இறங்கி அவர் அருகில் போனான். "மஹத்தயா, சூடானதுக்குப் பிறகு ஒரு தரம் பார்க்க முடியாதா? ஆளோடு?"

அவர் சிரிக்கவில்லை. "உன் ரோடு எனக்குத் தெரியும் தம்பி. என் அக்கா வீட்டுக்காரர் அக்கரப்பத்தனையில்தான் லொறி ஓட்டுகிறார். ஆனால் எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரிதான் பார்க்க வேண்டும். வெறும் வண்டி, ஆறின பிரேக். உன் வேனைப் பெயிலாக்க என்னிடம் காரணம் இல்லையே."

பழனியாண்டி சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கி, சட்டைப் பையில் மடக்காமல் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் அவர் வடை வாங்கித் தந்தார். லோஜன் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"திங்கலையா? பாஸானது நீ இல்லையின்னு கோவமா?" என்றார்.

"தலைவரே, அவங்க பாத்தது ஆறின பிரேக்குங்க. நம்ம ரோட்டுல பாதியிலயே காஞ்சு போயிருதுங்க."

"மெஷினு பொய் சொல்லுமா?"

"பொய் சொல்லலிங்க. வெறும் வேனு சமதரையில நிக்குமான்னு கேட்டோம். நிக்கும்னு சொல்லுது."

பழனியாண்டி எண்ணெய்க் கையைத் தாளில் துடைத்தார். "இங்க பாரு லோஜா. எண்ணெய் மாத்தணும்னே, மாத்துனேன். கட்டை மாத்தணும்னே, மாத்துனேன். டெஸ்ட்டுல தெரிஞ்சிரும்னே. இப்ப டெஸ்ட்டும் சரியில்லங்கிற. இன்னும் என்னதான் செய்யணும்? சொல்லு, செய்றேன்."

அதுதான் லோஜனால் சொல்ல முடியாதது. கோளாறு இருக்கிறது என்று தெரியும், எங்கே என்று தெரியவில்லை. நோயைச் சொல்லத் தெரியாத நோய்க்காரனின் நிலைமைதான் அவனுக்கு. பிள்ளையார் கோயிலில் வேனை நிறுத்தித் தலைவர் தேங்காய் உடைத்தார். புதிதாக ஒரு எலுமிச்சம்பழமும் கண்ணாடியில் தொங்கியது.

அடுத்த நாளிலிருந்து லோஜன் முழு இறக்கத்தையும் ஒன்றாம் கியரிலேயே இறங்கினான். கியர் சிறிதானால் இஞ்ஜினே வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும். இஞ்ஜின் அலறும். வேன் ஊரும். பிரேக் கடைசி வளைவிலும் நன்றாகவே இருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்துக் கேட் மூடிவிடும். பிந்தி வந்த பிள்ளைகள் மழையில் வெளியே நிற்க வேண்டும். நேரத்தோடு கிளம்பலாம் என்றால், பிள்ளைகளின் அம்மாமார் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடும் நேரம் அது. அதற்கு முன்னால் எந்த வீட்டிலும் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கட்ட முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பெரட்டுக்களத்தில் பெற்றோர் கூடினார்கள். தலைவர் நடுவில் நாற்காலியில் இருந்தார்.

"எம்புள்ள மூணாந்தரமா கேட்டுக்கு வெளிய நின்னுருக்கு," என்று தொடங்கினாள் மீனம்மா. இரண்டு பிள்ளைகளை வேனில் அனுப்புகிறவள். "தேரு வர்ற மாதிரில்ல ஓட்டுறாரு. நாங்க கொழுந்துக் கூடையோட எறங்குனாக்கூட முந்திருவோம்."

"ஒரு தவில் வச்சுக்கிட்டா நல்லாருக்கும்," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது. லோஜனுக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் கொடுமை.

அவன் எழுந்து எல்லாவற்றையும் சொன்னான். சூடு, எண்ணெய், குமிழி. கைகளைத் தேய்த்துக் காட்டினான். பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு மீனம்மா, "அப்ப டெஸ்ட்டுல பாஸுன்னாங்களே தம்பி, அது என்னாது?" என்றாள்.

"பாஸுதாங்க அக்கா. ஆனா..."

"அப்ப வேனு வேணாங்கிறீங்களா?"

வேன் வருவதற்கு முந்தி எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கீழே ரோட்டுக்கு நடந்து போனால் பஸ் நிரம்பி வரும், நிற்காமல் போகும். பிள்ளைகள் திரும்பி ஏறி வருவார்கள். கொஞ்ச நாளில் போகவே மாட்டார்கள். மேல்கணக்கில் படிப்பை நிறுத்திக் கொழும்புக் கடைகளுக்குப் போன பிள்ளைகள் வீட்டுக்கு ஒன்று. வேன் வேண்டாம் என்று லோஜன் எந்த வாயால் சொல்வான்? அவன் மனைவி சர்மிளா பெண்கள் கூட்டத்தில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்னு சொல்லலிங்க," என்று உட்கார்ந்துவிட்டான்.

கலைந்து போகும்போது தலைவர் அவன் தோளில் கை வைத்தார். "கோவிச்சுக்காத. ஒனக்கு மனசுல பயம் புடிச்சிருச்சு. பயந்தவன் கையில வண்டி இருக்கக்கூடாது. கொஞ்ச நாளு சுமன் ஓட்டட்டும். நல்லதண்ணிக்கு மலை யாத்திர சீசன்ல ஓட்டுற பய, எறக்கமெல்லாம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு."

சாவியைக் கொடுக்கும்போது அதிலிருந்த சின்ன பிளாஸ்டிக் யானையைக் கழற்றிக்கொள்ளலாமா என்று லோஜன் நினைத்தான். பூரணி மாட்டியது. அப்படியே கொடுத்துவிட்டான்.

வீட்டில் அவன், "பூரணி நாளைக்குப் போக வேணாம்," என்றான்.

சர்மிளா கஞ்சிச் சட்டியை இறக்கி வைத்தாள். "ஒங்க புள்ளய மட்டும் நிப்பாட்டுனா மத்தவங்க என்னா நெனப்பாங்க? வயித்தெரிச்சல்ல சொல்றாருன்னுதான் நெனப்பாங்க."

"நெனச்சுட்டுப் போகட்டும்."

"சரி. நாளைக்கு நிப்பாட்டுங்க. நாளான்னைக்கு? பரீட்ச வருது. எத்தன நாளைக்கு நிப்பாட்டுவீங்க?"

அவளுக்கும் பயம்தான் என்பது, காலையில் பூரணியின் தலையை அவள் இரண்டு தரம் வாரியதில் தெரிந்தது.

வேன் வந்தது. சுமன் கண்ணாடியை இறக்கி, "அண்ணே, கும்புடுறேன். ஒங்க சீட்டு எனக்கு எட்டவே மாட்டேங்குது," என்று சிரித்தான். நல்ல பையன்தான்.

"ரெண்டாங் கியர்லயாவது எறங்கு தம்பி. கோயில் தாண்டுனா பிரேக்க நம்பாத."

"சரிண்ணே," என்றான் சுமன். பெரியவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டு எல்லோரும் சொல்லும் அந்தச் சரி. பூரணி சன்னலோரமாக உட்கார்ந்து கையசைத்தாள். வேன் போனது.

லோஜன் நின்று காதைக் கொடுத்தான். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மலையில் வண்டி எங்கே போகிறது என்று சத்தத்தில் தெரியும். முதல் வளைவு. இஞ்ஜின் சத்தம் தணிந்தது. மூன்றாவது கியர். இனி முழு வண்டியும் பிரேக்கின் தலையில்தான்.

அவன் ஓடினான். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போகும் குறுக்குப்பாதை தேயிலைக்கு நடுவே நேராகக் கீழே இறங்குகிறது. ரோடு சுற்றி வருவதற்குள் ஆள் போய்விடலாம். செருப்பு வழுக்கியது. கழற்றி எறிந்தான். செடிகளின் கவாத்துக் குச்சி காலைக் கிழித்தது. கோயில் அருகே ரோட்டைக் கடக்கும்போது வேன் ஏற்கெனவே அந்த இடத்தைத் தாண்டிவிட்டிருந்தது. பனியில் அதன் வாடை மட்டும் நின்றது. ரப்பரும் துணியும் சேர்ந்து கருகின மாதிரி ஒரு வாடை. பிரேக் கட்டை வெந்தால் வருவது. அவன் பிள்ளையாரைப் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை.

ஏலக்காய்ச் செடிகள் தெரிந்தபோது கீழே ஒரு கிறீச்சொலி நீண்டு எழுந்து, எழுந்தபடியே போய், சட்டென்று நின்றது.

அவன் லிந்துலை ரோட்டில் போய் விழுந்தபோது, வேன் தேத்தண்ணிக் கடைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தது. வழக்கமாக நிற்கும் இடத்தைக் கொஞ்சம் தாண்டி, ஓரத்துப் புல்லில் ஒரு சக்கரத்தை வைத்துக்கொண்டு நின்றது. கீழ்க்கணக்குப் பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். உள்ளே யாரோ பாடினார்கள்.

"என்னாண்ணே ஓடி வந்துட்டீங்க? பூரணி டிபன் பெட்டிய மறந்துட்டாளா?" என்றான் சுமன்.

"மிதி கீழ போச்சா?"

"கடைசியில லேசா. ரெண்டு தரம் பம்ப் பண்ணேன், புடிச்சிருச்சு. பழைய வேனுல அப்படித்தாண்ணே இருக்கும்."

லோஜன் கடையிலிருந்து ஒரு கோப்பைத் தண்ணீர் வாங்கி, முன் சக்கரத்தின் உள்ளே விசிறினான். சீறிக்கொண்டு ஆவி எழுந்தது. பின்னால் போனான். பழக்கத்தில் கையைச் சற்றுத் தள்ளி வைத்து, சூடு வராததால் இன்னும் கிட்டே கொண்டுபோய், கடைசியில் பின் சக்கரத்து ட்ரம்மின் மேல் உள்ளங்கையை முழுதாக வைத்தான்.

குளிர்ந்திருந்தது. காலைப் பனி அதில் இன்னும் காயவில்லை.

அவ்வளவு இறக்கத்துக்கும் பின் பிரேக் ஏறக்குறைய வேலையே செய்யவில்லை. முன் சக்கரம் இரண்டும் தனியாக இத்தனை பிள்ளைகளையும் பிடித்து இறக்கியிருக்கின்றன.

அவன் ரோட்டில் மல்லாந்து பின்பக்கத்துக்குக் கீழே நுழைந்தான். சேசிஸில் ஒரு சின்ன வால்வு இருந்தது. அதிலிருந்து ஒரு கம்பி பின் அச்சுக்குப் போயிருந்தது. வேனில் ஆள் ஏறினால் பின்பக்கம் தணியும். தணியும்போது அந்தக் கம்பி வால்வைத் திறந்து பின் பிரேக்குக்கு நிறைய எண்ணெயை விடும். வெறும் வேன் உயரமாக நிற்கும், அப்போது வால்வு எண்ணெயைக் குறைத்துவிடும். இல்லாவிட்டால் நிறை இல்லாத பின் சக்கரம் இறுகிப்போய் வழுக்கிவிடும். நிறை எவ்வளவு என்று அந்த வால்வுக்குத் தெரியாது. உயரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். பின்பக்கம் தணியக்கூடாது என்றுதானே எல்லோரும் சேர்ந்து பட்டை போடச் சொன்னார்கள்? அன்றைக்கு ஜாக்கியைப் பிடித்ததும் லோஜன்தான். அதிலிருந்து பிள்ளைகள் எத்தனை பேர் ஏறினாலும் வேன் நிமிர்ந்தே நிற்கிறது. வால்வு ஒவ்வொரு காலையும் இது வெறும் வேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறது.

எவ்வளவு அழகான வேலைப்பாடு என்று ஒரு கணம் அவனுக்குத் தோன்றியது. அடுத்த கணம், மேலே பிள்ளைகள் பாடுவது கேட்டது.

"அண்ணே, வெளிய வாங்க, கேட்ட மூடிருவாங்க," என்றான் சுமன்.

வெளியே வந்தான். சன்னலில் பூரணி, "அப்பா, செருப்பு எங்க?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் வேன் நகர்ந்துவிட்டது. இனித் தலவாக்கலை வரைக்கும் பெரிய இறக்கம் இல்லை. இன்றைக்குப் பயமில்லை.

ரோட்டோரத்தில் நின்று தலைவருக்குப் போன் போட்டான். மூச்சு வாங்க வாங்கப் பட்டை, கம்பி, வால்வு எல்லாம் சொன்னான். இந்தத் தரம் கோளாறு எங்கே என்று தெரிந்துதான் சொன்னான்.

"அப்ப பட்டையக் கழட்டணுங்கிற. கானுல இடிச்சுப் பொகக் கொழா ஒடையும். அப்புறம் பெத்தவங்க என்னைப் புடிப்பாங்க."

"கழட்ட வேணாங்க. கம்பிய நீட்டிச் சரி பண்ணலாம், தெரிஞ்ச பாஸ் ஒருத்தர் இருந்தா..."

"பாஸான பிரேக்குல கைய வைக்கிறதா? அது எசகு பிசகா ஏதாவது ஆயிருச்சுன்னா சான்றிதழு இருந்தும் நான் பதில் சொல்லணும். அடுத்த வருசம் டெஸ்ட்டுக்கு முந்தி பாப்போம்."

"தலைவரே, பின் சக்கரம் ஜில்லுன்னு இருக்குங்க. நான் தொட்டுப் பாத்தேன்."

போனில் பழனியாண்டி வீட்டு வானொலி கேட்டது. பிறகு அவர் மெதுவாக, கோபமே இல்லாமல் கேட்டார்.

"வேனு கீழ வந்து சேந்துருச்சா?"

"சேந்துருச்சுங்க."

"புள்ளைங்கெல்லாம் நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்புறம் என்னா லோஜா?"

லோஜன் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றான். கடைக்காரர் எட்டிப் பார்த்து, தண்ணீர் வாங்கிய கோப்பையைத் திருப்பிக் கேட்டார். கொடுத்தான். பிறகு செருப்பைத் தேடிக்கொண்டு, வந்த வழியிலேயே தேயிலைக்குள் ஏறத் தொடங்கினான்.